பன்னிரண்டு நிமிட நகரம்

ஒரு நாவலில் நகரம் வந்தால் நான் முதலில் தேடுவது அதன் கழிவுநீர் எங்கே போகிறது என்பதைத்தான். ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் இத்தனை வருடம் வேலை பார்த்தவன் வேறு எதைத் தேடுவான்? கோபுரமும் மாடமும் எவராலும் எழுத முடியும். அவ்வளவு பேர் குளித்து, துவைத்து, சாயம் தோய்த்து ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கி யாருடைய கிணற்றைக் கெடுத்தது என்று சொல்லாத நகரத்தை நான் நம்புவதில்லை.

அதைச் சொல்லும் நகரங்கள் ஒரு வகை நாவல்களில் நிறைய இருக்கின்றன என்பது எனக்கு ஐம்பது வயதைத் தாண்டித்தான் தெரிந்தது. அந்த வகையை எந்த அலமாரியில் வைப்பது என்று புத்தகக் கடைக்காரர்களுக்கே குழப்பம். பேய் வரும், ஆனால் பேய்க்கதை என்று சொல்லிவிட முடியாது. கொலை நடக்கும், துப்பறிவார்கள், கடைசியில் கொன்றது ஒரு தெரு என்று தெரியவரும். மாயம், விஞ்ஞானம், காதல், தொழிற்சங்கத் தகராறு எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும்.

இந்தக் கலப்புதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. காரணம் என் வேலை. பதப்படுத்திச் சாயமேற்றிய ஆட்டுத்தோல்கள் கடைசியாக என் மேசைக்கு வரும். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்து, கட்டைவிரலால் அழுத்தி, குறை பார்த்து, உட்புறத்தில் தர எண்ணைச் சாக்பீஸால் எழுத வேண்டும். உண்ணி கடித்த புள்ளி, வேலிமுள் கீறல், சொறி, உப்புக் கறை என்று அந்த ஆடு எங்கெல்லாம் மேய்ந்தது, எதிலெல்லாம் உரசியது என்பது முழுக்க அதில் இருக்கும். ஒரு குறையும் இல்லாத தோல் வரும்போதுதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மேல்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, பூச்சு அடித்து, மயிர்க்கால் துளைகளை இயந்திரத்தால் பதித்திருப்பார்கள். நான்கு வகைகளைக் கலந்து எழுதிய நாவலும் அப்படியொரு பூச்சு வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நாட்குறிப்பு. மனதில் பட்டதை எழுதும் நாட்குறிப்பு இல்லை. தேதி, கிழமை, தமிழ் மாதம், ரயில் எத்தனை நிமிடம் தாமதம், பாலாற்றில் தண்ணீர் உண்டா, மின்சாரம் எப்போது போய் எப்போது வந்தது, தொழிற்சாலையின் சாயங்காலச் சங்கு எத்தனை மணிக்கு ஊதியது, எல்லாம் நேரத்தோடு. இதுவரை பதினான்கு நோட்டுகள் ஆகியிருக்கின்றன.

காட்பாடியில் ஏறி ஆம்பூரில் இறங்கும்வரை பாசஞ்சர் ரயிலில் அமர்ந்து எழுதுவேன். குடியாத்தத்தில் ஏறும் ஒரு பெண் பல நாள் எதிர் இருக்கையில் உட்காருவார். எங்கள் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். சாயத் தொட்டிகளின் தண்ணீரில் அமிலம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று மஞ்சள் காகிதத் துண்டுகளை நனைத்துப் பார்ப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அவராகத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"தினம் இன்னா சார் எழுதுறீங்க?"

"ட்ரெயின் எத்தனை நிமிஷம் லேட்டுன்னு."

"எழுதி?"

"எழுதி வச்சிருக்கேன்."

"லேட்டா வர்ற ட்ரெயினுக்கு ஜாதகம் எழுதுற ஒரே ஆள் நீங்கதான் சார்."

மறுநாள் ஒரு தடித்த புத்தகத்தை என் மடியில் வைத்தார். "இதுல ஒரு ஊரு வருது. அங்க ட்ரெயின் நாளைக்குக் கிளம்பி முந்தாநாள் வந்து சேரும். படிங்க, உங்களுக்கு ரொம்பப் பேஜாரா இருக்கும்."

பென்சிலோடு படித்தேன். கையால் ஒரு வரைபடம் போட்டேன். நூறு பக்கம் தாண்டியதும் ஆசிரியரின் பிழையைப் பிடித்துவிட்டேன். முதலில் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த சந்தை இப்போது மேற்கே இருந்தது. அதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது என் குரலில் கொஞ்சம் வெற்றியும் இருந்திருக்க வேண்டும்.

"சந்தை நகரல சார். ஆறுதான் நகருது. பதினோராம் அத்தியாயத்துல இருக்கே. வேகமாப் படிச்சிட்டீங்களா?"

பதினோராம் அத்தியாயத்தில் இருந்தது. ஆறு இடம் மாறிய அன்று கரையோரச் சலவைக்காரர்கள் என்ன செய்தார்கள், நகராட்சி எந்தப் படிவத்தில் அவர்களுக்கு நிவாரணம் கொடுத்தது என்பதுவரை இருந்தது. அந்தப் படிவம்தான் என்னை உள்ளே இழுத்தது. அதற்குப் பிறகு அவர் தந்ததையெல்லாம் படித்தேன், நானும் வாங்கினேன்.

ஏன் பிடித்தது என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தைப் பற்றி நாவல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாற்றம், நோய், வறுமை என்று மூன்று தரம் போட்டு அடுக்கிவிடுவார்கள். படித்துக்கொண்டே வரும்போது, இது நான் தினமும் போய்வரும் ஊர் இல்லையே என்று தோன்றும். அக்னி நட்சத்திர வெயிலில், தகரக் கூரையின் கீழ், நூற்றுக்கணக்கான பெண்கள் கம்பளி வைத்த பனிக்கால பூட்ஸ் தைக்கும் ஊர் இது. அந்தக் கால்கள் யாருடையவை என்று இங்கே எவருக்கும் தெரியாது. மூன்று வருடமாக வலது காலுக்கான துண்டுகளை மட்டுமே தைத்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இதை உள்ளபடி எழுதினால் கட்டுரை ஆகிவிடும். அந்த விசித்திர நகரங்களைப் படிக்கும்போதுதான், இப்படியொரு ஊர் இருக்க முடியும் என்பதை முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டு, அதில் யார் கூட்டுகிறார்கள், யார் சாவி வைத்திருக்கிறார்கள் என்ற அடுத்த கேள்விக்கு ஒருவர் போயிருப்பது தெரிந்தது. சிறகு முளைத்த யானை பறந்தால், கீழே விழுந்த சாணத்தை அள்ளுகிறவளுக்கும் ஒரு அத்தியாயம் இருந்தது.

ஆனாலும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. இவ்வளவும் ஒருவர் தலைக்குள்ளிருந்தே வர முடியுமா? எங்கிருந்தோ எடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு நகரத்தின் பின்னாலும் இருக்கும் உண்மையான ஊரைத் தேடிக்கொண்டேதான் படித்தேன்.

இந்த வருடம் ஆனி மாதம் அந்தப் பெண் ஒன்று கேட்டார். "சார், உங்க நோட்டுல மழைக்கால நோட்டு ஏதாவது ஒண்ணு குடுங்களேன். சும்மா படிக்கத்தான்."

யாருக்கும் கொடுத்ததில்லை. ரயிலில் புத்தகம் வாங்கிப் படித்த கடனுக்குக் கொடுத்தேன். பதினோராம் நோட்டு. பதினெட்டு நாள் கழித்து, செய்தித்தாள் அட்டை போட்டுத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு பக்கத்தில் ஆய்வக மஞ்சள் காகிதத் துண்டு ஒன்று அடையாளமாக இருந்தது. எடுக்க மறந்திருப்பார் என்று நினைத்து அப்படியே விட்டேன். நோட்டோடு இன்னொன்றும் வந்தது. ஜெராக்ஸ் கடையில் சுருள் கம்பி கோத்த இருநூறு பக்கம்.

"நான் எழுதினது சார். மூணு வருஷமா. மெட்ராஸ்ல ஒரு சின்னப் பதிப்பகத்துல பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். நம்ம ஊர்ல இந்த மாதிரி படிக்கிறது நீங்க ஒருத்தர்தான். குறை இருந்தா சொல்லுங்க."

சனி, ஞாயிறு இரண்டு நாளில் படித்தேன். தூங்கும் ஒரு பெரிய விலங்கின் தோல்மேல் கட்டப்பட்ட நகரம். முதுகுப் பேட்டை, கழுத்துப் பேட்டை, வயிற்றுப் பேட்டை. தோல் தடித்து உறுதியாக இருக்கும் முதுகில் பணக்காரர்கள். தளர்ந்து இழுபடும் வயிற்றுப் பக்கத்தில் ஏழைகள். மழை பெய்தால் வயிற்றுப் பேட்டையின் தெருக்கள் நீண்டுவிடும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஒரு மணி நேரம் அதிகம் நடப்பார்கள். கழிவுநீர் மயிர்க்கால்கள் வழியாக உள்ளே இறங்கி விலங்கின் கனவாகும். அந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை இன்னொருமுறை படித்தேன். தோலைத் தொட்டு வேலை செய்கிறவரைத் தவிர வேறு யாராலும் அப்படி எழுத முடியாது.

கதையின் உயிர் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தது. ஈ உட்கார்ந்த இடத்தில் மாடு தோலைச் சிலிர்ப்பதுபோல, விலங்கு தினமும் ஒருமுறை சிலிர்க்கும், நகரமே நடுங்கும். அரசாங்கம் அந்த நேரத்தைப் பிற்பகல் மூன்று ஐந்து என்று அறிவிக்கும். கழுத்துப் பேட்டைத் தொழிலாளிகள் மூன்று பதினேழு என்பார்கள். இடையில் உள்ள பன்னிரண்டு நிமிடம் யாருடைய கணக்கிலும் வராது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான், வேலையில் இறந்தவர்கள் எழுந்து வந்து விட்டுப்போன வேலையை முடிப்பார்கள். ஒரு சுகாதார ஆய்வாளர் பெண் அந்த நிமிடங்களைத் துப்பறிந்து தேடுவதுதான் கதை.

மூன்று பதினேழு என்ற எண்ணை எனக்குத் தெரியும்.

நாலு வருடத்துக்கு முன் ஐப்பசியில், மழை விட்ட மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை, எங்கள் பக்கம் லேசாக நிலம் அதிர்ந்தது. மறுநாள் செய்தித்தாளில் பிற்பகல் 3.05 என்று வந்தது. தொலைக்காட்சியிலும் அதுவே. நான் என் கண்ணால் பார்த்து எழுதிய நேரம் 3.17. "நாளிதழில் பிழையாக 3.05 என்று வந்துள்ளது" என்று அடிக்குறிப்பும் போட்டிருந்தேன். என் பதினோராம் நோட்டைத் தவிர இந்த உலகத்தில் எங்கேயும் மூன்று பதினேழு கிடையாது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் காகிதம் அதே பக்கத்தில் இருந்தது. மேலே தடிமனாக எழுதிய நேரத்தை மட்டும் பார்த்தேன், போதும் என்று மூடிவிட்டேன். என் கையெழுத்தை நானே எதற்குப் படிக்க வேண்டும்?

அதன்பிறகு எல்லாமே தெளிவாகத் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். அவராக வந்து பேச்சுக் கொடுத்தது, புத்தகம் தந்தது, மழைக்கால நோட்டு என்று குறிப்பாகக் கேட்டது. மூன்று வருடமாக எழுதுகிறாராம். மூன்று வாரமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூர் நடைமேடையில் கேட்டேன்.

"மூணு பதினேழு எங்கேர்ந்து வந்ததும்மா?"

"எங்கேர்ந்துன்னா?"

"பேப்பர்ல மூணு அஞ்சு. டிவில மூணு அஞ்சு. மூணு பதினேழுன்னு எழுதி வச்சது நான் ஒருத்தன். அந்த நோட்டு உங்ககிட்ட பதினெட்டு நாள் இருந்துச்சு."

அவர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "நான் எடுத்துட்டேன்னு சொல்றீங்களா?"

"கேக்கறேன்."

"கேக்கல சார். தரம் போடுறீங்க."

"எங்க பாத்தீங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு."

"அந்தப் பக்கத்த முழுசாப் படிச்சீங்களா?"

"நான் எழுதினது எனக்குத் தெரியாதா?"

கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சரி சார். எடுத்துர்றேன். அதை எடுத்துட்டா அந்தக் கதையில ஒண்ணுமே நிக்காது. பரவால்ல. படிக்கக் குடுத்த ஒரே ஆளு திருடின்னு சொன்னப்புறம் அனுப்பினா இன்னா, அனுப்பாட்டி இன்னா." அவர் நீட்டிய கையில் நான் சுருள் கம்பிப் பிரதியை வைத்தேன். அன்று மாலையிலிருந்து அவர் பெண்கள் பெட்டியில் ஏறினார்.

நான் செய்தது சரிதான் என்று நிரூபிக்க எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது. மறுநாள், பக்கத்து மேசையில் தோல்களை எண்ணிக் கட்டும் பெண்களில் மூத்தவரிடம் போனேன். "நிலம் ஆடுச்சே, ஞாபகம் இருக்கா? அப்போ மணி இன்னா?"

அவர் கட்டிக்கொண்டிருந்த முடிச்சை விடாமலே கேட்டார். "ஹால் மணியா, கேட் மணியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

மேசையே சிரித்தது. "அடியே, சாருக்குத் தெரியாதாம்டி!"

"தோல்ல ஊசி ஓட்டையைக் கண்டுபிடிப்பாரு, சுவத்துல இருக்கற கடியாரம் தெரியல!"

மூத்தவர்தான் விளக்கினார். "ஹால் மணி பன்னெண்டு நிமிஷம் ஜாஸ்தி சார். முன்ன இருந்த மேனேஜர் வச்சிட்டுப் போனது. காலையில நம்மள சீக்கிரம் உக்கார வைக்கத்தான். கேட் மணிதான் கரெக்ட். சாயங்காலச் சங்கும் அந்த டைமுக்குத்தான் ஊதும்."

நான் அந்தக் கூடத்துக்கு மாறி ஆறு வருடம் ஆகியிருந்தது. செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தோலில் கீறும் என்பதால் எங்கள் மேசையில் கைக்கடிகாரம் கூடாது. எனக்கிருந்தது அந்தச் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். சாயங்காலம் ஐந்தரைக்கு ஊத வேண்டிய சங்கு ஊதும்போது அது எப்போதும் ஐந்து நாற்பத்திரண்டு காட்டும். கை கழுவி, வரிசையில் நின்று, சோதனை முடிந்து செல்போனை வாங்கும்போது ஏறக்குறைய அதே நேரம் ஆகியிருக்கும் என்பதால் எனக்கு உறைக்கவே இல்லை. சங்குதான் தாமதம் என்று முடிவு செய்திருந்தேன். நிர்வாகம் தினமும் சாயங்காலம் எங்களிடம் நேரம் திருடுகிறது என்று சந்தேகப்பட்டு, ஆறு வருடமாக ஒவ்வொரு வேலை நாளும் எழுதியிருக்கிறேன்: "இன்றும் சங்கு பன்னிரண்டு நிமிடம் தாமதம்." திருட்டு நடந்தது உண்மை. அது காலையில் நடந்தது. அதை ஒருநாள்கூட எழுதவில்லை.

"ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் முடிச்சை இறுக்கினார். "நீங்க எல்லாத்தையும் எழுதுறீங்க. யாருக்கு எழுதுறீங்கன்னு எங்களுக்கு இன்னா தெரியும் சார்? ஆபீஸ் ஆளுன்னுல்ல நெனச்சோம்."

அப்படியானால், நிலம் நடுங்கியபோது அந்தக் கூடத்தில் இருந்து, தலை நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்த எல்லோருக்கும் அது மூன்று பதினேழுதான். ஆனாலும் மனம் சும்மா இருக்கவில்லை. அவர் ஆய்வகத்துப் பெண், கூடத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டது. வியாழக்கிழமை வீட்டுக்குப் போனதும் பதினோராம் நோட்டை எடுத்து, மஞ்சள் காகிதம் இருந்த பக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படித்தேன்.

"பிற்பகல் 3.17. தரை அதிர்ந்தது. நான்கு நொடி. தோல் அடுக்கு ஒன்று சரிந்தது. ஆய்வகத்திலிருந்து மாதிரித் துண்டுகள் கொண்டுவந்த பெண் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் தோல் அடுக்கைத் தாங்கிக்கொண்டு திரும்பி நின்றதால் கடிகாரம் தெரியவில்லை. அந்தப் பெண்தான் நிமிர்ந்து பார்த்து, மூணு பதினேழு என்று சத்தமாகச் சொன்னார்."

என் கையெழுத்துதான். கண்ணால் பார்த்து எழுதிய நேரம் என்று நாலு வருடமாக நான் நம்பியது அவர் வாயிலிருந்து வந்தது. ரயிலில் அறிமுகமாவதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது. அன்று அவர் யாரென்று எனக்குத் தெரியாது. பிறகு ரயிலில் பார்த்தபோதும் அடையாளம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் கண்ணில் படவில்லை. சங்கு ஊதியதும் கை கழுவாமல் கேட்டுக்கு ஓடினேன். பெண்கள் வரிசை வேகமாக நகரும். அவர் ஏற்கெனவே செல்போனை வாங்கிக்கொண்டு காவலர் அறைக்கு வெளியே, புங்க மரத்தடியில் நின்றிருந்தார். என் வரிசையை விட்டு வெளியே வந்து நோட்டைத் திறந்து நீட்டினேன்.

அவர் படிக்கவில்லை. "எனக்குத் தெரியும் சார். அதுக்குத்தான் பேப்பர் வச்சேன்."

"நான் நேரத்த மட்டும்தான்..."

"ஒருத்தர் நோட்டுல நான் இருக்கேன். பேரு இல்ல, ஒண்ணும் இல்ல, ஆனா இருக்கேன். அந்த சந்தோஷத்துலதான் கதையக் குடுத்தேன். நீங்க அந்தப் பக்கத்தையே கொண்டுவந்து என் மூஞ்சில அடிச்சீங்க."

சொல்ல வேண்டியதை ரயிலில் யோசித்து வைத்திருந்தேன். "தப்பு என்னுதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

"ராத்திரியெல்லாம் உக்காந்து மாத்தினேன் சார். எல்லாருக்கும் மூணு அஞ்சு. இடைவெளியே இல்ல. செத்தவங்க எந்திரிக்க நேரமே இல்ல. அந்தப் பொம்பள எதைத் தேடுறான்னு எனக்கே தெரியல." செல்போனை என் பக்கம் திருப்பினார். இரண்டு கோப்புகள் இருந்தன. "பழசுதான் போகுது. மூணு பதினேழு. நல்லாப் பாத்துக்கங்க, நாளைக்கு வந்து கேக்காதீங்க."

"அனுப்புங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று பிறகுதான் தோன்றியது. அவர் என் சொல்லுக்காகக் காத்திருக்கவும் இல்லை. விரல் ஏற்கெனவே பட்டுவிட்டது. சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. பக்கத்தில் நின்று அது முடியும்வரை பார்த்தோம்.

"போய்ட்டுது" என்றார்.

என் செல்போன் இன்னும் காவலர் அறையில் இருந்தது. "மணி இன்னாம்மா?"

என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். நான் தோலைப் பார்ப்பதுபோலவே இருந்தது. "அஞ்சு நாப்பத்தி ஏழு. கேட் மணி. எழுதிக்கங்க."

ஸ்டேஷனை நோக்கி நடந்தார். அன்றும் பெண்கள் பெட்டியில்தான் ஏறினார், இன்றுவரை அப்படித்தான். பதிப்பகத்திலிருந்து பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆறு வருடச் சங்குக் குறிப்புகளை அழிக்காமல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் "ஹால் மணி" என்று பென்சிலால் எழுதி வருகிறேன். மூன்றாவது வருடத்தில் இருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இருப்பது இது: "மாலை 5.47. கேட் மணி. கதை அனுப்பப்பட்டது. நேரத்தைச் சொன்னவர் ஆய்வகத்துப் பெண்." அதற்குக் கீழே சின்ன எழுத்தில், சரிபார்த்ததைப் பற்றி இன்னொரு வரி உண்டு. திரும்ப வரிசையில் நின்று என் செல்போனை வாங்கியதும், அவர் சொன்ன நேரத்தோடு, வரிசையில் நான் எண்ணிக்கொண்டு நின்ற நிமிடங்களைக் கூட்டிச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.